உலோக நுண்துகள்களும் பயிர்களும்

ஒரு மீட்டரை நூறு கோடி கூறுகளாகப் பகுத்தால், அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடையவை நானோ துகள்கள் ஆகும். 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள உலோகக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டுவோமாயின், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகப் பெருகும். இரசாயன மாறுதல்கள் மேற்பரப்பிலேயே நிகழ்வதால், கட்டியாக இருக்கையில் மந்தமாயிருந்த பொருளும் தூளானபின் வேகமாக வினைபுரிகின்றது.

துணிகளில் கிருமிகளைத் தடுக்க வெள்ளித் துகள்களும், வெயில் காப்புப் பூச்சுகளில் துத்தநாக ஆக்ஸைடுத் துகள்களும் சேர்க்கப்படுகின்றன. இவை சலவை நீருடனும் குளிக்கும் நீருடனும் சாக்கடையை அடைந்து, கழிவுநீர் நிலையங்களின் வண்டலில் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. அவ்வண்டல் எருவாக இடப்படும்போது விளைநிலத்தைச் சேருகின்றன. ஆகவே, பயிருக்கு இவற்றால் தீங்கு நேருமா என்பது உழவர்களைப் பொறுத்த கேள்வியாகும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின், ஷிங் என்னும் விஞ்ஞானிகள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் முள்ளங்கி, மக்காச்சோளம், வெள்ளரி உள்ளிட்ட ஆறு தாவரங்களைச் சோதித்தனர். லிட்டருக்கு 2000 மில்லிகிராம் துத்தநாகத் துகளோ துத்தநாக ஆக்ஸைடுத் துகளோ கலந்த நீரிலும் பெரும்பாலான விதைகள் முளைக்கவே செய்தன. ஆயின் வேர்களின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. முள்ளங்கி வேரின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்க லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராமே போதுமானதாயிருந்தது. முளைப்பு விகிதத்தை மட்டும் கொண்டு ஒரு பொருள் தீங்கற்றது எனத் தீர்மானித்தல் தவறு என்பது இதனால் விளங்கும்.

வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தினர் 2009ஆம் ஆண்டில் வெங்காய வேர் நுனியில் வெள்ளித் துகள்களின் விளைவை ஆராய்ந்து வெளியிட்டனர். துகள்களின் செறிவு உயர உயர, பிளவுறும் உயிரணுக்களின் விகிதம் குறைந்தது. குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுதல் போன்ற கோளாறுகளும் காணப்பட்டன.

தீங்கு இரு வழிகளில் விளைகின்றது. துகள் கரைந்து உலோக அயனிகளை வெளிவிடுதல் ஒன்று. வீரியமிக்க ஆக்ஸிஜன் சேர்மங்கள் உயிரணுக்களில் பெருகி, அவற்றின் சவ்வுகளைச் சிதைத்தல் மற்றொன்று.

எனினும், கண்ணாடித் தட்டில் கண்ட விளைவு வயலில் அவ்வாறே நிகழும் எனக் கொள்ளுதல் பொருந்தாது. மண்ணிலுள்ள களியும் மக்கும் துகள்களைப் பற்றிக்கொள்கின்றன. சாக்கடையில் வெள்ளி, கந்தகத்துடன் கூடி வெள்ளி சல்பைடாக மாறுவதால் அதன் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைகின்றது. மேலும், துத்தநாகம் பயிருக்கு இன்றியமையாத சத்தாகும். நெற்பயிரைத் தாக்கும் கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என 1966ஆம் ஆண்டில் பந்த்நகரில் நேனே என்னும் விஞ்ஞானி கண்டறிந்தார். குறைந்தால் நோயும் மிகுந்தால் நஞ்சுமாகும் இத்தகைய பொருளில் அளவே முக்கியமானது.

நானோ வேளாண் இடுபொருள்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் வெளியிட்டது. புதிய இடுபொருள் எதுவாயினும், விளைச்சலை எவ்வளவு பெருக்கும் என்பதுடன், எவ்வளவுக்கு மேற்பட்டால் வேரைக் கெடுக்கும் என்பதும் அளந்தறியப்படுதல் வேண்டும்.