புட்டியில் அடைத்த பலம்

தேர்வுக் காலம் வந்துவிட்டால் நம் விடுதி அறைகளின் சன்னல் மேடைகளில் புத்தகங்களுக்கு இணையாகப் புட்டிகளும் வரிசை பிடித்து நிற்கக் காண்கிறோம். சத்துப்பானப் புட்டிகளைத்தான் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வெந்நீரில் இரண்டு கரண்டி பொடியைக் கலக்கிக் குடித்துவிட்டு, மூளைக்குத் தெம்பு வந்துவிட்டதென்று மீண்டும் ஏட்டைப் புரட்டும் நண்பர்கள் நம்மில் பலர். அவர்களைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் அந்தப் புட்டி அரசாண்டது. அதனால் நேர்ந்த ஒரு தவற்றையும், அதன் பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எங்கள் வீடு சீத்தா கேம்ப்பில் இருக்கிறது. மான்கூர்டு நிலையத்தில் இறங்கி டிராம்பே போகும் பேருந்தில் ஏற வேண்டும். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி நிலையத்தாரின் தேவைக்காக ஜனதா காலனியைக் காலி செய்து, அங்கிருந்த மக்களைக் கழிமுக ஓரத்துச் சேற்று நிலத்தில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் கேம்ப். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த என் பாட்டனாரும் பாட்டியும் அன்று தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கியவர்கள்.

என் தம்பிக்கு ஒன்பது வயது. ஒல்லியான உடம்பு. பக்கத்து வீட்டு அக்கா தம் மகனுக்குப் புட்டி வாங்கியதைப் பார்த்த அம்மா, "இனிமே இவனுக்குச் சாயா கிடையாது, காலையிலும் ராத்திரியும் இதுதான்" என்று ஒரு நாள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சிறுவனுக்குச் சாயாவை நிறுத்தியது நல்ல காரியமே. ஆனால் புட்டிக்குப் பணம் வேண்டுமே! ஒரு லிட்டராக வந்துகொண்டிருந்த பால் அரை லிட்டராயிற்று. அதில் சரிபாதி தண்ணீர் சேர்ந்தது. வாரத்தில் மூன்று நாள் கிடைத்த முட்டை நின்றது. தன் பங்குப் பாலைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என் தங்கை சாப்பிட்ட கையோடு பாலில்லாச் சாயா குடிக்கப் பழகிக்கொண்டாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

ஓராண்டு கழித்துப் பேருந்துக்கு நின்ற வரிசையில் அவள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். இரத்தம் பரிசோதித்தபோது இரும்புச்சத்து மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. இது அவள் ஒருத்தியின் கதையன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆனாலும் நம் வீட்டிலேயே அதைக் காணும்போது புள்ளிவிவரம் எந்த ஆறுதலும் தருவதில்லை. மருத்துவர் அம்மையார் கேட்ட முதற் கேள்வி, "என்ன சாப்பிடுகிறாய்?" என்பது. அன்று இரவுதான் வேதியியல் படிக்கும் நான் முதன்முறையாக அந்தப் புட்டியைத் திருப்பி, பின்பக்கத்து எழுத்துகளைப் படித்தேன். மூன்றாண்டுப் படிப்பில் அதுவரை எனக்கு அது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது? வாற்கோதுமையை ஊறவைத்து முளைவிடச் செய்து உலர்த்துகிறார்கள். முளைக்கும்போது தானியத்தில் சுரக்கும் ஒரு நொதி, மாப்பொருளை உடைத்து ஒருவகை இனிப்பாக மாற்றுகிறது. அதுவே மால்ட். அதனுடன் கோதுமை மாவும் பாற்பொருளும் சேர்த்து, நீரை வற்றவைத்துத் தூளாக்கினால் மால்ட் பால்பொடி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஹார்லிக் சகோதரர்கள் ஜேம்சும் வில்லியமும் விஸ்கான்சின் மாநிலத்தில் ராசைன் என்னும் ஊரில் இதைச் செய்து, 1883-இல் காப்புரிமை பெற்றார்கள். குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று தோன்றிய உணவு இது. கெடாமல் இருப்பதாலும் சுமக்க எளிதாக இருப்பதாலும் துருவப் பயணிகளின் மூட்டைகளிலும் இடம்பெற்றது. அண்டார்க்டிகாவில் ஹார்லிக் பெயரால் ஒரு மலைத்தொடரே உண்டு! பனிப்பாலைவனத்தில் பசும்பால் கிடைக்காதவனுக்கு அந்தப் பொடி அமிழ்தமே. பால்காரர் வாசலில் வந்து நிற்கும் டிராம்பேயில் அதன் இடம் எது என்பதுதான் கேள்வி.

முளைகட்டும் வித்தை நமக்குப் புதிதன்று. நம் பாட்டிமார் கேழ்வரகைத் துணியில் முடிந்து முளைகட்டி, காயவைத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சுவது இதே வேலைதான். முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி நீர்த்து ஓடும். ஆகவே அதே கிண்ணத்தில் கூடுதல் மாவைக் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டலாம். மேலும் 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம்தான். கேழ்வரகுக்கு விளம்பரம் செய்ய ஆளில்லை, அவ்வளவே.

இனி எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். ஒரு கோப்பை, அதாவது 200 மில்லிலிட்டர் பாலில் ஆறு கிராமுக்குச் சற்று அதிகமாகப் புரதம் இருக்கிறது. தம்பிக்கு அம்மா கொடுத்தது பாதிப் பால், பாதித் தண்ணீர், அதில் ஒருவேளைக்குரிய 27 கிராம் பொடி. பாதிப் பாலில் மூன்று கிராம், நூற்றுக்குப் பத்துப் பதினொரு கிராம் புரதமுள்ள பொடியில் மூன்று கிராம். ஆக மொத்தம் ஆறு! முழுப் பாலில் இருந்ததுதான் இதிலும் இருந்தது. ஆனால் விலை? எங்கள் தெருக் கடையில் அரைக் கிலோப் பொடியின் விலைக்கு ஏறக்குறைய எட்டு அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கலாம். அந்தப் பொடி 18 கோப்பைக்கு வரும். அந்தப் பாலோ நாற்பது கோப்பைகளின் தண்ணீர்ப் பாதியை நிரப்பும். புரதம் ஒன்றை மட்டும் கருதினால், நாங்கள் மலிவானதைக் குறைத்து விலையுயர்ந்ததை வாங்கிக்கொண்டிருந்தோம்.

சீனியும் கவனிக்கத்தக்கது. சில வகைப் பொடிகளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்த சீனியே. அதற்கு மேல் அம்மா இரண்டு கரண்டி போடுவார். வீட்டுக்கு வீடு அதுதானே வழக்கம்! ஒரு கோப்பைக்கு 19 கிராம், இருவேளைக்கு 38. சேர்க்கும் இனிப்பை நாளுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது வளர்ந்த ஆளுக்கு. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாதென்று இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதே காரணம்.

பொடிக்கு நியாயமும் செய்ய வேண்டும். அதில் சேர்க்கும் இரும்பும் உயிர்ச்சத்துகளும் பொய்யல்ல. பாலில் இரும்பு மிகமிகக் குறைவு. வெறும் பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பும் குழந்தை, பல் போன முதியவர், அறையில் அடுப்பில்லாத மாணவர் ஆகியோருக்கு அது உதவும். ஆனால் பாலின் சுண்ணாம்புச்சத்து இரும்பு உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கும். சாயாவின் துவர்ப்பு அதைவிட மிகுதியாகத் தடுக்கும். ஆகவே இரும்புக்காகப் புட்டியை நம்புவது சுற்றுவழி.

உயிர்ச்சத்தைப் பாலிலேயே சேர்த்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்குப் பழைய பம்பாயின் வரலாறு வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு ஆறேழு விழுக்காடு. அதனால் விலை அதிகம், ஏழைக்கு எட்டாது. தாரா குரோடி என்னும் பால்துறை அதிகாரி 1946-இல் இந்நகரில் எருமைப்பாலுடன் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் தண்ணீரும் சேர்த்து, கொழுப்பை மூன்று விழுக்காடாக்கிப் பாலைப் பெருக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாடெங்கும் "டோன்டு" பால் என்று விற்பது அதுவே. 1949-இல் ஆரே பால் காலனி தோன்றி, நகருக்குள்ளிருந்த எருமைத் தபேலாக்கள் அங்கே மாறத் தொடங்கின. 1963-இல் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோருடன் குரோடியும் மகசேசே விருது பெற்றார்.

இதில் ஒரு குறை உண்டு. 1913-இல் மெக்காலம், மார்கரீட் டேவிஸ் என்னும் இருவர் வெண்ணெய்க் கொழுப்பில் ஓர் உயிர்ச்சத்து இருப்பதைக் கண்டார்கள். பின்னாளில் 'ஏ' என்று பெயர் பெற்றது அதுதான். அவர்கள் ஆய்ந்ததும் அதே விஸ்கான்சினில்! கொழுப்பைக் குறைத்தால் 'ஏ'யும் குறையும் என்பது இதனால் தெளிவு. எலும்பு உறுதிக்கு வேண்டிய 'டி' உயிர்ச்சத்தை உணவில் ஏற்றும் வழியை 1920-களில் அம்மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலேயே ஸ்டீன்பாக் கண்டார். நம் நாட்டில் 2018-இல் வந்த விதிகளின்படி, செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 270 முதல் 450 மைக்ரோகிராம் 'ஏ'யும், 5 முதல் 7.5 மைக்ரோகிராம் 'டி'யும் சேர்க்கலாம். அத்தகைய பாக்கெட்டில் எஃப் எழுத்தும் கூட்டல் குறியும் கொண்ட நீலச் சின்னம் இருக்கும். செலவு லிட்டருக்குச் சில பைசாக்களே. சேரும் அளவும் சிறிதுதான்: ஒரு கோப்பையில் கிடைக்கும் 'டி' ஒரு நாள் தேவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. இருந்தாலும் கொடுக்கும் விலை கூடவில்லையே! காய்ச்சுவதால் இவ்விரண்டும் பெரிதும் கெடுவதில்லை. ஆனால் ஆடையை எடுத்து நெய்க்குச் சேர்த்து வைத்தால் அதோடு ஓரளவு போய்விடும். பாக்கெட்டின் மூலையையும் பார்த்து வாங்குங்கள். மூலையைக் கத்தரித்துத் தண்ணீர் கலந்து மெழுகுவத்திச் சூட்டில் ஒட்டும் வித்தகர்கள் இந்நகரில் பிடிபட்டிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அம்மாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "புள்ளைக்கு நல்லதுன்னுதானல வாங்குனேன்" என்றார். அதற்கு மேல் கணக்குப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நீலச் சின்னமிட்ட பால் மீண்டும் ஒரு லிட்டர் வருகிறது, தண்ணீர் கலப்பதில்லை. முட்டை திரும்ப வந்தது. டிராம்பே கோளிவாடாப் பக்கமிருந்து வரும் மீன்காரம்மாளிடம் நெத்திலி வாங்குகிறோம். வாரம் ஒருமுறை சுவரொட்டியோ ஈரலோ உண்டு. தங்கை மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை முடித்தாள்; சாயாவைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறாள். சென்ற மாதப் பரிசோதனையில் இரத்தம் ஏறியிருந்தது.

புட்டி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. தம்பி வெறும் பாலைக் குடிக்க மறுத்து இரண்டு நாள் சத்தியாகிரகம் செய்தான். "ருசிக்கு ஒரு கரண்டி போட்டா என்னல?" என்றார் அம்மா. சீனி போடாமல், முழுப் பாலில், ஒரே ஒரு கரண்டி என்று உடன்பட்டேன். ஒரு புட்டி இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது.