பள்ளிக்கு முன்பே பார்க்க வேண்டியது

மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை என்றால், "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்கிறோம். அதில் அன்பு இருக்கிறது. அதே பிள்ளை ஒன்றாம் வகுப்பில் திணறும்போது வெளியிலிருந்து வேறு பேச்சு வரும்: "காலனிப் பிள்ளைக்கு அவ்வளவுதான் படிப்பு ஏறும்." அது சாதிப் பேச்சு. இரண்டுக்கும் நடுவில், காது கேளாமையும் ஆட்டிசமும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகின்றன.

பரிசோதனை என்றாலே நம் தாய்மார்கள் தயங்குகிறார்கள். பிறந்தபோதே ஒரு பெயர் ஒட்டியாயிற்று, இன்னொன்றும் வேண்டுமா என்ற பயம். இதை அறியாமை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பள்ளிகளை நாம் அறிவோம். ஆனால் அந்தச் சோதனை வேறு. சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில் தடை செய்கிறது. முதல்முறை மீறினாலே 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

வளர்ச்சிப் பரிசோதனையோ பிள்ளைக்குச் சேர வேண்டியது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டப்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். காட்டூர்க்காரர்களுக்கு அது புத்தூர் அரசு மருத்துவமனை.

முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குச் சில சமயம் காதுதான் கேட்டிருக்காது. பல லட்சம் ரூபாய் ஆகும் காக்ளியர் கருவி அறுவை சிகிச்சை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். ஆனால் ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும். டீச்சர் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தால் அந்த வயது தாண்டிவிடும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா, இரண்டு வயதில் 'அம்மா வா' என்று இரண்டு சொல் சேர்க்கவில்லையா, பேசிய பேச்சு நின்றுபோனதா, தாமதிக்காமல் போங்கள்.

பரிசோதனைக்குக் காசில்லை, டவுன் பஸ்சில் பெண்களுக்கும் காசில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அம்மாவின் கூலி போகிறதே, அதற்கு ஒரு திட்டமும் இல்லை. இதை எண்ணாமல் 'பெற்றோருக்கு அக்கறையில்லை' என்று எழுதுபவர்களோடு நமக்குச் சண்டை உண்டு. குழு வரும் தேதியையாவது ஒரு வாரம் முன்பே அங்கன்வாடி வாசலில் எழுதிப் போடட்டும். பிள்ளையின் போக்கு அம்மாவுக்குத்தான் தெரியும். அவர் நடவுக்கோ சித்தாள் வேலைக்கோ போயிருந்தால் டாக்டர் யாரைக் கேட்பார்?

குறை உறுதியானாலும் பள்ளி மூடிவிடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு, கற்றல் குறைபாடும் உண்டு. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி உரிமை.

கல்லூரி போகும் தம்பி தங்கைகள் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவோடு புத்தூருக்குத் துணை போகலாம். தடுப்பூசி அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசை நீண்டுவிடும்.