பாரம் இறங்கும் வழி

நம் தொடை எலும்பின் தலைப்பகுதியை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், உள்ளே மெல்லிய எலும்பு இழைகள் வளைந்தோடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவது தெரியும். 1860களில் சூரிச் நகரில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூறு அறிஞர் காட்டிய இந்த அமைப்பைக் கண்டு, பொறியாளர் கார்ல் குல்மான் வியந்துபோனார். உடலின் பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த வழியில்தான் இழைகள் ஓடின. பாரம் மாறினால் இழைகளும் மெல்ல மெல்லத் தம்மை மாற்றியமைத்துக்கொள்கின்றன. என்னே படைப்பின் நுட்பம்!

இதே நெறியைக் கான்கிரீட்டில் பின்பற்றியவர் இத்தாலியின் பியர் லூயிஜி நெர்வி. 1891இல் சோந்திரியோவில் பிறந்து, பொலோனியாவில் பொறியியல் பயின்றவர். நுண்ணிய கம்பி வலைகளை அடுக்கிச் சிமெண்ட் சாந்து பூசும் ஃபெரோசிமெண்ட் முறையை அவர் வளர்த்தெடுத்தார். சில சென்டிமீட்டர் கனமே உள்ள அந்தத் தகடு, வளைவும் மடிப்பும் பெற்றதும் பெருங்கூரையைத் தாங்கும் வலுவைப் பெற்றது.

ரோம் நகரில் 1951இல் நெர்வி கட்டிய காத்தி கம்பளி ஆலையில், தளத்தின் அடிப்பகுதியை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் கான்கிரீட் விலாக்கள் இலை நரம்புகளைப் போல வளைந்து விரிகின்றன. பாரத்தால் தளத்தில் எழும் அழுத்தமும் இழுவிசையும் செல்லும் கோடுகளைக் கணக்கிட்டு, அவற்றின் மேலேயே விலாக்களை அமைத்தார்கள். அழகு தானாக வந்து சேர்ந்தது.

1960 ஒலிம்பிக் போட்டிக்காக, கட்டடக் கலைஞர் அன்னிபாலே விதெல்லோத்ஸியுடன் சேர்ந்து நெர்வி எழுப்பிய சிறிய விளையாட்டரங்கம் 1957இல் முடிந்தது. ஏறக்குறைய 60 மீட்டர் அகலக் குவிமாடம். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. முன்கூட்டியே வார்த்த 1,620 துண்டுகளைக் கோத்து உருவாக்கிய அந்தக் குவிமாடத்தின் பாரத்தை, சுற்றிலும் கவைக்கொம்புபோல் பிரிந்து சாய்ந்து நிற்கும் 36 தாங்கிகள் வாங்கி மண்ணில் இறக்குகின்றன.

1979இல் மறைந்த நெர்வி, விசையின் விதிக்குப் பணிவதே கட்டடக் கலையின் வழி என்று வாழ்ந்து காட்டினார். அந்த விதியை அவர் இயற்றவில்லை. தேர்ந்த மாணவராக அதைக் கற்று, அதன்படி கட்டினார். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து அவர் கண்டடைந்த கணக்கை, நம் எலும்பு ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் போட்டுக்கொண்டிருக்கிறது. மனிதன் கட்டியதைப் போற்றும்போதே, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் வைத்துப் படைத்த பேரறிவையும் கைகூப்பி வணங்குவதுதான் முறை.