கண்டி அரசின் சின்னங்கள்

அரசு என்பது கண்ணுக்குப் புலனாகாத ஓர் அதிகாரம். அது மக்களுக்குப் புலனாவது முடி, செங்கோல், அரியணை, கொடி, வாள் என்னும் பொருள்களின் வாயிலாகவேயாம். பழந்தமிழ் வேந்தர் பகைவனது காவன்மரத்தை வெட்டுதலையும் முரசைக் கவர்தலையும் வெற்றியின் நிறைவாகக் கொண்டமை இக்கருத்துப் பற்றியே. இலங்கையில் இறுதியாக நிலைத்த மன்னராட்சியாகிய கண்டி அரசின் வரலாற்றையும் அதன் சின்னங்கள் சென்ற வழியைக் கொண்டு ஒருவாறு அறிதல் கூடும்.

கண்டி நகரில், தலதா மாளிகையின் அயலில், பள்ளே வாஹல என வழங்கும் பழைய கட்டடம் ஒன்று உளது. அரசமாதேவியர் உறைந்த அந்தப்புரமாகிய இது 1942 ஆம் ஆண்டில் தேசிய நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. படைக்கலங்கள், அணிகலன்கள், யானைத்தந்த வேலைப்பாடுகள், ஏட்டுச்சுவடிகள், வெற்றிலைப் பெட்டிகள் முதலியன இதன்கண் உள. ஆயினும், அரச வரலாற்றைக் காணும் விருப்போடு வரும் மாணவன் முதலில் தேடுவது அரியணையையே. அஃது அங்கில்லை. கண்டியரசின் அரியணை கண்டியில் இல்லாமை ஏன் என்னும் வினாவே இந்நூதனசாலை கற்பிக்கும் முதற் பாடமாகும்.

பொற்றகடு போர்த்து மணிகள் பதித்த அவ்வரியணை, 1693 ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி தோமஸ் வான் றீ என்பவரால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குக் கையுறையாக அளிக்கப்பட்டது. அதன்பின் வந்த மன்னர்க்கெல்லாம் அதுவே அரியணையாயிற்று. 1739 ஆம் ஆண்டில் சிங்கள அரசமரபு சந்ததியின்றி ஒழிய, அரசியின் உடன்பிறந்தானாகிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முடிசூடினான். அவனொடு தொடங்கிய நாயக்கர் மரபினர் நால்வர் 1815 வரை ஆண்டனர். தென்னிந்தியாவினின்றும் வந்த இவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலேயே, 1753 ஆம் ஆண்டில், சீயம் நாட்டுத் துறவியரால் பௌத்த சங்கத்தின் உபசம்பதை மரபு மீண்டும் நிறுவப்பெற்றது. பிற நாட்டிற் பிறந்த மன்னன் குடிகளின் சமயத்தைப் புரந்தமைக்கு இஃது ஒரு சான்று.

அம்மன்னன் காலத்திலேயே சின்னங்களின் முதற் பெயர்ச்சியும் நிகழ்ந்தது. 1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் படை கண்டியுட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டது. லெவ்கே திசாவை மன்னனுக்கு அளித்த, பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த சிறு பீரங்கி அப்போது கவரப்பட்டு, பிற்காலத்தில் அம்ஸ்ரர்டாம் நகரத்து நூதனசாலையை அடைந்தது.

இரண்டாவது பெயர்ச்சி 1815 இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டான். அரியணை இங்கிலாந்துக்குச் சென்று விண்ட்சர் அரண்மனையில் வைக்கப்பட்டது. மன்னன் 1816 இல் தமிழகத்து வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே காலமானான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவன் நினைவைத் தாங்கி நிற்கின்றது. அரியணை ஒரு திசையிலும் அதில் அமர்ந்தவன் மற்றொரு திசையிலும் கடல் கடந்தனர்.

1815 மார்ச் 2 ஆம் நாள் மகுல் மடுவ என்னும் மரத்தூண் மண்டபத்திற் படிக்கப்பட்ட உடன்படிக்கையின் படியொன்று நூதனசாலையில் உளது. காட்சிப் பொருள்களுள் ஆழ்ந்து நோக்கற்பாலது இதுவே. பௌத்த சமயத்தைக் காப்பதாக உறுதி கூறிய அவ்வுடன்படிக்கை, மன்னனின் சுற்றத்தாரையும் வெளியேற்றப்பட்ட மலபார் ஆடவரையும் கண்டிநாட்டுள் மீளப் புகாதவாறு தடுத்தது. ஆயினும் அதே ஓலத்தில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையொப்பங்களிற் தமிழெழுத்துக் காணப்படுகின்றது. தமிழ் அரசவையிற் பயின்ற மொழியாயிருந்தமையை அதனின் வேறான எச்சான்றும் இத்துணைத் தெளிவாகக் காட்டமாட்டாது. ஒரே தாளில் விலக்கும் உறவும் ஒருங்கே பதிந்துள்ளன. வரலாற்றை 'நமது' என்றும் 'பிறரது' என்றும் இரண்டாகப் பிளந்து கற்பிப்போர் இவ்வேட்டின்முன் சிறிது நேரம் நிற்றல் நன்று.

ஏனைய பேழைகளில் உள்ளவை தொழிலாளர் திறனைக் காட்டுவன. அரசனிடமிருந்து பெற்ற நிலத்துக்கு ஈடாகத் தொழில்புரிந்த கம்மியர் ஆக்கிய பொருள்கள் இவற்றுட் பல. அரசு வீழ்ந்தபின் அவ்வமைப்புத் தளர்ந்தது. எஞ்சிய மரபினை நேரிற் கண்டு, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908 இல் வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் அவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

சென்றவை சில திரும்பியும் உள்ளன. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில், 1934 ஆம் ஆண்டில், குளொஸ்ரர் கோமகன் அரியணையைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ஒல்லாந்து அரசு லெவ்கே பீரங்கியோடு வாள், கத்தி, துப்பாக்கி ஆகியவற்றையுஞ் சேர்த்து ஆறு பொருள்களை 2023 ஆம் ஆண்டில் மீளக் கையளித்தது. இவை யாவும் சேர்ந்த இடம், 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை. தலைநகரில் அவற்றைக் காண்போர் தொகை மிகுதி, காவலும் பெரிது. எனினும், அரசவை கூடிய மண்டபம் கண்டியில் அரியணையின்றி வெறுமையாய் நிற்கின்றது. பொருள் நாடு திரும்புதல் ஒன்று. தன் இடந் திரும்புதல் வேறொன்று.

இச்சின்னங்களுள் இன்றும் கண்டியிலேயே உள்ளது புனித தந்தமே. அதனை உடையானே அரசுரிமை உடையான் என்பது மக்கள் நம்பிக்கை. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கிலேயர் அதனை மீளக் கைப்பற்றியமை கிளர்ச்சியாளரின் மனவலியைக் குலைத்தது. முடியும் அரியணையும் பேழைப் பொருள்களான பின்னரும், அஃது இன்றளவும் வழிபாட்டில் உள்ளது. ஆண்டுதோறும் பெரஹரா அதன் பொருட்டே வீதிவலம் வருகின்றது.

ஆதலின், மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் நூதனசாலையோடு அமையாது, அதனயலேயுள்ள மாளிகையையும் மரத்தூண் மண்டபத்தையும் ஒருங்கே காட்டுதல் வேண்டும். பேழையில் இருப்பவற்றை மாணவர் தாமே காண்பர். இல்லாதவை எங்குச் சென்றன, ஏன் சென்றன என்று அவர்களை வினவச் செய்தலே ஆசிரியர் கடன்.