மருந்தாளர் பயிற்சியைத் தேர்தல்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், முள்ளியவளையை ஒட்டி அமைந்துள்ள ஊர் தண்ணீரூற்று. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியானதும், பல்கலைக்கழக அனுமதி எட்டாத பிள்ளையை எத்துறையில் விடலாம் என்னும் ஆலோசனை இவ்வூர் இல்லங்களிலும் நடைபெறுவதுண்டு. அவ்வேளை, "பாமசி படிக்கலாமே" என்று உறவினர் ஒருவர் கூறுவார். நல்ல யோசனைதான். ஆயினும், எந்தப் பாமசிப் படிப்பு என்பதிலேதான் பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கின்றது.

இலங்கையில் மருந்தாளராகத் தொழில் செய்வதற்குச் சான்றிதழ் மாத்திரம் போதாது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ், இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இடம்பெறல் வேண்டும். அவ்வாறு பதிவுபெற்றவரின் மேற்பார்வையின்றி மருந்துக்கடை நடத்தலாகாது. எனவே, ஆறு மாதம், ஓராண்டு என விளம்பரம் செய்யும் நிலையத்தின் வாசலில் முதலாவதாகக் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: "இப்படிப்பின் முடிவில் மருத்துவ சபையில் பதிவுபெற இயலுமா?" தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு நிலையத்துக்கு இருக்கலாம், அது வேறு, இது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் காணி ஈடுவைத்துக் கட்டணம் செலுத்திய பெற்றோர், பிள்ளை பிறர் கடையில் உதவியாளராகவே நிற்பதைக் காண நேரிடும். உதவியாளர் வேலை இழிவன்று. அதற்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே கருத்து.

பதிவுக்கு இட்டுச் செல்லும் வழிகள் சில உள. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் பட்டக்கல்வி உண்டு. அதற்கு உயிரியல் பிரிவில் உயர்ந்த பெறுபேறு வேண்டும். சுகாதார அமைச்சு தன் சேவைக்குப் பயிலுநரைச் சேர்க்கும்போது வர்த்தமானியில் அறிவித்தல் வெளிவரும். வர்த்தமானியை வாசிக்கும் வழக்கம் நம்மவரிடையே குறைவு. மூன்றாவது வழி, பதிவுபெற்ற மருந்தாளரிடம் பயிலுநராக இருந்து தகுதிப் பரீட்சைக்குத் தோற்றுதல். இங்கு யாரிடம் பயில்கின்றோம் என்பது பெரிது. பெட்டிகளை அடுக்குவித்தே நாளைக் கழிப்பிப்பவரும் உளர். வைத்தியரின் துண்டை வாசிக்கப் பழக்குபவரும் உளர்.

இத்துணைக் கவனம் எதற்கு? காய்ச்சலுற்ற பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் 150 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியாயின், 6.25 மில்லிலீற்றர் கொடுக்கலாம். அதே அலுமாரியில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் இருக்கும். போத்தலை மாற்றி எடுத்து அதே அளவைக் கொடுத்தால், குழந்தையின் உடலிற் சேர்வது இரு மடங்குக்கும் மேல். இவ்வாறே, 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கவேண்டிய இன்சுலின், மின்சாரம் நின்ற வன்னி நண்பகலில் என்னாகும் என்பதையும் மருந்தாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆகவே, நிலையத்தைப் பார்வையிடச் செல்வோர் கட்டடத்தின் அழகைப் பார்ப்பதிலும், கணக்கு எவ்வாறு கற்பிக்கப்படுகின்றது, வைத்தியசாலையில் எத்தனை மாதப் பயிற்சி, பரீட்சை எம்மொழியில் என்பவற்றை விசாரித்தல் நன்று. முன்னர் பயின்றோர் இருவரின் பெயரைக் கேட்டறிந்து, அவர்கள் பதிவுபெற்றனரா என அவர்களிடமே வினவலாம். பெயர் கூறத் தயங்கும் நிலையத்தில், பணம் கட்டுவதைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.