கோலாலம்பூர் டூர் போறீங்களா? விசா வேண்டாம்... ஆனா இதெல்லாம் கையில் இருக்கணும்!

சென்னையில் இருந்து விமானத்தில் சுமார் 4 மணி நேரம். விசா வேண்டாம். போற இடத்தில் தமிழ் பேசவும் ஆள் இருக்கு. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பலரும் மலேசியத் தலைநகர் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுக்க இதுதான் காரணம். ஆனால், 'விசா வேண்டாம்' என்றால் 'யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க' என்று நினைத்துக் கிளம்பினால் ஏர்போர்ட்டிலேயே சிக்கல்தான். என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? பார்க்கலாம்.

விசா இல்லைன்னா என்ன அர்த்தம்?

இந்தியர்கள் சுற்றுலாவுக்காக விசா இல்லாமல் 30 நாள் வரை தங்க, 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே விடலாமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது அங்கே இருக்கும் இமிகிரேஷன் அதிகாரிதான். திரும்பி வருவதற்கான டிக்கெட், ஹோட்டல் புக்கிங், செலவுக்குப் பணம் இந்த மூன்றையும் அவர் கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லை என்றால், அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிடுவாங்க. பாஸ்போர்ட்டும் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்கணும்.

கிளம்பும் முன் நிரப்ப வேண்டிய படிவம்

மலேசியா போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள், டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பணும். இதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆனால் அரசு இணையதளம் போலவே இருக்கும் சில தளங்கள் இதற்குப் பணம் வசூலிக்கின்றன. கார்டு நம்பர் கேட்டால் உடனே வெளியே வந்திடுங்க. அது மலேசிய இமிகிரேஷன் துறையின் தளம் இல்லை.

'டூரிஸ்டா போங்க, அங்க வேலை வாங்கித் தரோம்'னு சொன்னா?

நம்பாதீங்க. சுற்றுலா அனுமதியில் போய் வேலை பார்ப்பது மலேசியாவில் குற்றம். பிடிபட்டால் தடுப்பு முகாம், அபராதம், நாடு கடத்தல் என்று போகும். சம்பளம் தரவில்லை என்று புகார் சொல்லக்கூட பயந்து இருக்க வேண்டிய நிலை வரும். உண்மையிலேயே வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால், அந்த ஏஜென்ட் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்க. பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்க.

ஏர்போர்ட்டில் இருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

விமான நிலையம் நகரத்தில் இருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. விரைவு ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன். பஸ்ஸில் நேரம் கூடும், செலவு நல்லாவே குறையும். டாக்ஸி என்றால் 'கிராப்' ஆப்பில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ஏறலாம். ஊருக்குள் சுற்ற 'டச் அன் கோ' கார்டு ஒன்று வாங்கினால் போதும், மெட்ரோ, பஸ் எல்லாத்துக்கும் அதுவே.

நடந்தே பார்க்கக்கூடிய பழைய நகரம்

இந்த ஊர் எத்தனை இனங்களின் ஊர் என்பது உயரமான கட்டடங்களில் தெரியாது. பழைய நகரத்தில் அரை நாள் நடந்தால் தெரியும். 1957 ஆகஸ்ட் 31 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய மெர்டேக்கா சதுக்கத்தில் தொடங்குங்க. பக்கத்திலேயே கிள்ளான், கோம்பாக் ஆறுகள் சேரும் இடத்தில் 1909-ல் கட்டிய ஜமேக் மசூதி. 'கோலாலம்பூர்' என்றாலே 'சேறான ஆற்றுச் சங்கமம்' என்றுதான் பொருள். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, அதைப் பார்த்துப் போங்க.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1873-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். அதே தெருவில் எதிரே சீனர்களின் குவான் டி கோயில். பின்னால் சீனக் கடைகள் நிறைந்த பெட்டாலிங் தெரு. இது எதற்கும் டிக்கெட் கிடையாது. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏறத்தான் டிக்கெட். கீழே இருக்கும் பூங்காவில் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

பத்துமலைக்கு எப்போ போகலாம்?

காலையில் சீக்கிரம் போயிடுங்க. மதியத்துக்கு மேல் வெயிலும் திடீர் மழையும் சகஜம். கே.எல். சென்ட்ரலில் இருந்து நேரடி ரயில் இருக்கு. 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைக் கும்பிட்டு 272 படி ஏறணும். கையில் பழம், பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிடும். தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் புறப்படுவது மேலே சொன்ன மாரியம்மன் கோயிலில் இருந்துதான்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம்

கே.எல். சென்ட்ரல் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிதான் அங்கே 'லிட்டில் இந்தியா'. வாழை இலைச் சாப்பாடே கிடைக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடைகளில் ரொட்டி சானாய், தே தாரிக் சாப்பிட்டுப் பாருங்க. கடைக்கு மலாய் மொழியில் 'கெடாய்' என்று பெயர். நம்ம 'கடை'தான் அது!

கடைசியா ஒண்ணு: ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், வருகை அட்டை மூன்றையும் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக்குங்க. இமிகிரேஷன் வரிசையில் நிற்கும்போது போனில் சார்ஜ் இல்லாமலோ நெட் கிடைக்காமலோ போனால், அந்தப் பேப்பர்தான் கை கொடுக்கும்.