வாத்தியார் கோர்ஸுக்குப் போயிருக்கிறார்

"இன்னிக்கு டீச்சர் வரலைம்மா. கோர்ஸுக்குப் போயிட்டாங்களாம்."

பிள்ளை இப்படிச் சொல்லிக்கொண்டே புத்தகப் பையை மூலையில் போடும்போது உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது அல்லவா? வரத்தான் செய்யும். படித்து முடித்து, சம்பளமும் வாங்குகிற வாத்தியாருக்கு இன்னும் என்ன படிப்பு என்று தோட்டத்திலும் கேட்கிறார்கள், பட்டணத்திலும் கேட்கிறார்கள். தோட்டப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

பங்சாரை நீங்கள் அறிவீர்கள். இன்று அது பணக்காரர் வீடுகளும் விலை கூடிய கடைகளும் நிறைந்த இடம். ஒரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் ஒட்டிக்கொண்டுதான் 'பங்சார்' ஆயிற்று என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் நடக்கிறது. பங்சார் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறி, அப்துல்லா ஹுக்கும், கிரிஞ்சி என்று போனால் லெம்பா பந்தாய் பக்கம் வந்துவிடும். ஆசிரியர் கல்விக் கழகங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, தேசிய மொழி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1958இல் தொடங்கிய மொழிக் கழகத்தின் வழிவந்தது. நாடு முழுவதும் இப்படி 27 கழகங்கள் உண்டு. உங்கள் பிள்ளையின் ஆசிரியர் 'கோர்ஸ்' என்று போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் இடத்துக்கோ, மாவட்டக் கல்வி இலாகா ஏற்பாடு செய்த மண்டபத்துக்கோதான்.

அந்தக் காலத்துத் தோட்டத்து வாத்தியாருக்கு இந்த வசதியெல்லாம் ஏது? வாரம் முழுவதும் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, வார இறுதியில் 'நார்மல்' வகுப்புக்குப் போய்ப் படித்துத் தேறியவர்கள் அவர்கள். பின்னர் 1956இல் ரசாக் அறிக்கை வந்தது. 1957இல் பகல்நேரப் பயிற்சி நிலையங்கள் திறந்தார்கள். 1981இல் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டாயிற்று. 1996இல் சான்றிதழ் போய் டிப்ளோமா வந்தது. 2007இல் கல்லூரிகளிலேயே பட்டப்படிப்பு தொடங்கியது. இதனால் பழைய தகுதியோடு வந்தவர்களும் பட்டம் பெறவேண்டியதாயிற்று. பள்ளி விடுமுறையிலும் சனி, ஞாயிறிலும் வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கினார்கள். கைப்பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போன ஆசிரியைகளும் அவர்களில் உண்டு. 'வாத்தியாருக்கு விடுமுறை மேல் விடுமுறை' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் நல்லது.

இதுபோக, அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஏழு நாளாவது பயிற்சி பெறவேண்டும் என்று 2005இல் ஒரு கொள்கை வந்தது. ஏழு நாள்தானே என்று தோன்றும். ஐம்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு தோட்டப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரையும் சேர்த்து எட்டு ஆசிரியர்கள். எட்டு ஏழு ஐம்பத்தாறு. அத்தனையும் பள்ளி நாளில் விழுந்துவிட்டால், ஏறக்குறைய 190 பள்ளி நாள்களில் 56 நாள்களுக்கு ஒருவர் இருக்கமாட்டார். சில பயிற்சிகள் சனிக்கிழமையில் பள்ளியிலேயே நடக்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய பள்ளியில் ஒருவர் போனால் இன்னொருவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். சின்னப் பள்ளியில் மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமாளிக்கவேண்டியதுதான். 150 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்பார்கள். நம் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த வகைதான்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டுப் போகிற பயிற்சியால் பலன் உண்டா?

2003ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜனவரியில் கணிதமும் அறிவியலும் முதலாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தில் என்று ஆணை வந்தது. வாய்ப்பாடு முதற்கொண்டு தமிழிலேயே சொல்லிக்கொடுத்து வந்தவர்கள் திடீரென்று ஆங்கிலத்தில் பேசவேண்டும். கையில் மடிக்கணினி கொடுத்தார்கள், திரையில் படம் காட்டும் கருவி கொடுத்தார்கள், சிறப்பு அலவன்ஸும் கொடுத்தார்கள். குறுகிய காலப் பயிற்சி ஒன்றும் நடந்தது. முதலில் தலைமைப் பயிற்றுநர்கள் கற்றார்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்ல, அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள். வாளிக்கு வாளி ஊற்றும்போது பால் எவ்வளவு சிந்தும் என்று பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் சொல்லவேண்டுமா? அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் 2009இல் அறிவித்தது.

ஆனாலும் அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று இருந்தது. 'துணை நண்பர்' என்று, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரை அதே பள்ளியில் கணித ஆசிரியருக்குத் துணையாக வைப்பார்கள். தடுமாறினால் பக்கத்து வகுப்புக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். மண்டபத்தில் கேட்டது மறந்துபோகும்; பக்கத்து வகுப்பில் கேட்டது அடுத்த மணி அடிக்குமுன் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிடும். நான் கண்ட வரையில் பயிற்சியின் பலன் முழுவதும் இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது. 2014 முதல் நாடெங்கும் மாவட்ட இலாகாவிலிருந்து வழிகாட்டி ஆசிரியர்கள் பள்ளிக்கே வந்து, வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, பிறகு பேசுகிறார்கள். முதலில் எங்களுக்குக் கொஞ்சம் உதறல்தான். ஆனால் வகுப்பைக் காலி செய்யாமல் கற்றுக்கொள்ள முடிகிறதே!

மொழி விஷயம் இன்னொன்று. பயிற்சி பெரும்பாலும் மலாயில் நடக்கும். அதைத் தமிழாக்கி வகுப்புக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் பாடு. 'கெபாட்' என்று அங்கே கேட்டதை 'உயர்நிலைச் சிந்தனைத் திறன்' என்று கரும்பலகையில் எழுத ஒரு நிமிடம் போதும். அதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏற்ற கேள்வியாக்குவதுதான் கடினம். 'ரப்பர் எதற்குப் பயன்படும்?' என்பது மனப்பாடக் கேள்வி. 'மழை நாளில் உன் தாத்தா ஏன் மரம் வெட்டப் போகமாட்டார்?' என்று கேட்டால் பிள்ளை யோசிக்கும். பட்டை நனைந்திருக்கும், பால் கோப்பைக்கு வராமல் வழிந்துபோகும், நாள் கூலியும் போகும் என்று வீட்டில் கேட்டு வந்து சொல்லும். இப்படிக் கேள்வியை மாற்றிக் கேட்கக் கற்றுக்கொண்டு வந்தால், அந்த ஒரு நாள் பயிற்சி எனக்கு லாபம்தான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நீங்கள் போவதுண்டா? கூரை ஒழுகுவதையும் பஸ் கட்டணத்தையும் பேசி முடித்த பிறகு, தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாளில் அந்த வகுப்பை யார் பார்க்கிறார்கள்? போய்வந்தவர் கொண்டுவந்ததை மற்ற ஆசிரியர்களிடம் எந்த நாளில் சொல்கிறார்? முதல் கேள்விக்கு ஆள் போதவில்லை என்று பதில் வந்தால், மாற்று ஆசிரியர் வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் எழுதலாம். எழுத உதவி வேண்டுமானால் எங்களிடமே கேளுங்கள்.